மாடி வீட்டுக்கு ஒரு வருஷம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை, அட்டையாகப் பிறந்தது. கேட்டில் கம்பி போட்டுத் தொங்கவிட, ‘மாடி வீடு வாடகைக்கு’ என்று நாலு வரி எழுதித் தரச் சொன்னாள் அக்கா. எங்கள் குடும்பத்தில் எழுத்தாளனுக்கு அவ்வளவுதான் உபயோகம். கல்யாணப் பத்திரிகை, ‘இன்று கடை விடுமுறை’, செத்தவர்களுக்கு இரண்டு வரி. மற்றபடி நான் எழுதுவதை அக்கா படிப்பது, தன்னைப் பற்றி ஏதாவது உளறியிருக்கிறேனா என்று பார்ப்பதற்காக மட்டும்.

மூன்று வரி ஓடிவிட்டது. நாலாவது வரிக்குப் போன் செய்தேன்.

“எவ்வளவு காலத்துக்குன்னு போடட்டும்?”

அதுவரை அக்கா வாயடைத்து நின்ற பேரம் ஒன்றைக்கூட என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. எதிர்முனையில் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

“அத மட்டும் விட்டுட்டு மத்தத எழுது” என்றாள்.

விட்டுவிட்டேன். விட்ட இடத்தில் இந்தக் கதை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

*அன்று மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நனைந்த குடையோடு ஒரு பெண் வந்து*

அடித்துவிட்டேன். மழையே இல்லை. வீடு தேடி வருகிறவர்களை நனைத்துவிட்டால் வாசகர் சீக்கிரம் இரங்குவார் என்று ஒரு நப்பாசை. மலிவான சரக்கு.

இரண்டாம் முயற்சி:

*வீடு என்பது வெறும் செங்கல் அல்ல, அது*

இதையும் அடித்துவிட்டேன். செங்கல்தான். நம்பாவிட்டால் கொத்தனாரைக் கேளுங்கள்.

மூன்றாவதாக, எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கடையிலிருந்து.

எங்களுடையது பட்டன் வியாபாரம். சட்டைப் பட்டன், கோட்டுப் பட்டன், பாவாடைக் கொக்கி, லேஸ், நூல் எல்லாம் மொத்த விலைக்கு. அத்தான் போன பிறகு அக்காதான் கல்லாவில் உட்கார்ந்தாள். முட்டி வலி வந்த பிறகுதான் எழுந்தாள். அந்தக் கடையில் நாங்கள் நடை பழகும் முன்பே ஒன்று பழகினோம்: நினைப்பதைக் கேட்கக் கூடாது. உனக்கு வடக்கே போகணுமா, தெற்கே பார்த்து நில். எதிராளி உன்னை வடக்கே இழுப்பான். இழுத்தவனுக்கு ஜெயித்த திருப்தி, உனக்குப் போய்ச் சேர்ந்த இடம். இழுபடுகிற வழியில், “சரி, உனக்காக வர்றேன், பதிலுக்கு நீ என்ன தருவே?” என்று இன்னும் நாலு காரியம் சாதித்துக்கொள்ளலாம்.

இதை நாங்கள் பொய் என்று சொல்வதில்லை. பேச்சு என்போம். எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்தவர்களிடமும் இப்படித்தான் பேசினார்கள். அத்தானும் கடைக்காரர் மகன் என்பதால் பிழைத்தாள் அக்கா.

3

போன தடவை மாடி காலியாக இருந்தபோது ஒரு பெண் உச்சி வெயிலில் வந்தாள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அக்கா சாயங்காலம் வரச் சொல்லியிருந்தாள். “மத்தியானமே வந்து பாக்கறோமே” என்று கேட்டு வந்தாள். (இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தாலும் கதை மறக்காது.)

பல் கட்டித் தருகிற வேலை. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் லேபில் உட்கார்ந்து பல்லாகச் செதுக்கி அனுப்புவாள். அக்கா அன்றைக்கே அவளுக்குப் ‘பல்காரம்மா’ என்று பெயர் வைத்துவிட்டாள். அப்பா லாரி எடைமேடையில் இருந்து ஓய்வு பெற்றவர். மாடிக் கூடத்தின் நடுவில் நின்று, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, “வெளிச்சம் நல்லா வருது” என்றார். நல்ல ரசனையுள்ள மனுஷர் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

அக்காவுக்கு என்ன வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற வித்தை எனக்கு வராது. அவளுக்கு மூன்று வருஷம் வேண்டும். அத்தான் இல்லாத வீட்டில் தலைக்கு மேல் ஆள் நடக்கிற சத்தம் இல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முன்பு குடியிருந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். சத்தம் பழகுவதற்குள் ஆள் மாறிவிடும். இந்த இருவரையும் பார்த்ததுமே பிடித்துப்போனது. மூன்று வருஷத்துக்கு எழுதிக் கட்டிப்போட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவே செய்துவிட்டாள்.

ஆகவே வாயைத் திறந்து சொன்னாள்:

“ஒரு வருஷம்தான் குடுப்பேன்மா.”

பல்காரம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“எம் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா. அடுத்த வருஷம் வந்துடுவா. மாடி அவளுக்குத்தான்.”

(அக்கா மகள் வரப்போவதில்லை. அங்கேயே வீடு வாங்கி, பால்கனியில் செடி வைத்து, அந்தச் செடிக்கு வாரா வாரம் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். இது, ‘இந்த விலையெல்லாம் இன்னைக்கு மட்டும்தான், அடுத்த லாட் ஏறப்போகுது’ என்று கடையில் சொல்வோமே, அந்த ரகம். சொல்கிறவனும் நம்பமாட்டான், கேட்கிறவனும் நம்பமாட்டான்.)

இப்போது எதிராளி இழுக்க வேண்டிய இடம். ‘என்னம்மா இப்படிச் சொல்றீங்க, சாமான் பிரிக்கவே ஒரு வருஷம் ஆயிடுமே, மூணு வருஷமாவது குடுங்க’ என்று அவள் கெஞ்ச வேண்டும். அக்கா யோசிக்கிற மாதிரி பாவனை செய்ய வேண்டும். பிறகு, ‘சரி, உங்க அப்பா முகத்துக்காக ஒத்துக்கறேன், ஆனா சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது, மாடிப்படி நீங்கதான் பெருக்கணும்’ என்று முடிக்க வேண்டும். ஒத்திகை பார்த்து வைத்தது போல எல்லாம் தயார்.

“சரிங்கம்மா” என்றாள் பல்காரம்மா.

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது.

4

இந்த இடத்தில்தான் எனக்கு என் பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. யாராவது முதல் வார்த்தைக்கே ‘சரி’ சொல்வார்களா? வாசகர் நம்புவாரா? எங்கள் கடையில் ஒருவன் கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனால், அன்று முழுக்க எங்களுக்கு வேலை ஓடாது. எங்கே தப்புச் செய்தோம் என்று குடைந்துகொண்டே இருப்போம்.

அக்காவும் குடைந்தாள்.

“அவளுக்கே ஒரு வருஷம்தான் வேணுமா இருந்திருக்கும்டா. இல்லேன்னா ஒரு வார்த்தை பேசமாட்டாளா? நல்லா மாட்டிக்கிட்டேன்.”

“கூப்பிட்டு மாத்திக்கோயேன்.”

“மாத்தறதா? பேசி முடிச்ச சரக்கத் திரும்பத் தராசுல வைக்கவா? அதைவிடக் கடையக் கொளுத்திட்டுப் போகலாம்.”

ஆனால் யோசித்துப் பாருங்கள். பல்காரம்மாவை வளர்த்தவர் எடைமேடைக்காரர். லாரி வந்து நிற்கும், முள் ஒரு இடத்தில் நிற்கும், அவர் அதைச் சொல்வார். ‘இன்னும் கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே’ என்று எந்த டிரைவரும் முள்ளோடு பேரம் பேச முடியாது. அந்த வீட்டில் ஒருவர் ஒரு எண்ணைச் சொன்னால் அதுதான் எடை. எங்கள் வீட்டில் ஒருவர் எண்ணைச் சொன்னால் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போடுவோம்.

இப்படி இரண்டு பேர் மாடிக் கூடத்தில் நின்று, ஒரே தமிழில், ஆளுக்கொரு பாஷை பேசினார்கள்.

5

குடிவந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது, எடைமேடைக்காரருக்கு இப்போது கண் தெரியாது. உச்சி வெயிலில் மட்டும் ஜன்னல் எந்தப் பக்கம் என்று மங்கலாகப் புரியும். அதற்காகத்தான் அந்த மத்தியானம். கண் தெரியாதவர் என்றால், ‘மாடிப்படி இருக்கு, அடுப்பு இருக்கு, எங்களுக்கெதுக்கு வம்பு’ என்று கதவைச் சாத்தியவர்கள் ஏராளம். அதனால் மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள்: சூடு முகத்தில் படுகிற பக்கம் திரும்பி, வெளிச்சம் நல்லா இருக்குன்னு சொல்லுங்கப்பா.

அக்கா என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: “ஏமாத்திட்டாங்கடா.”

குரலில் கோபத்தைத் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எங்களை ஒழுங்காக ஏமாற்றியவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. பண்டிகைக்கு இனிப்பு அனுப்புவோம்.

அன்று சாயங்காலமே பழைய சாம்பிள் டப்பாவை எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். கைப்பிடியின் அடிப்பக்கம், படி திரும்புகிற இடத்தில் ஒரு கோட்டுப் பட்டனைப் பசை போட்டு ஒட்டினாள். கடைசிப் படிக்கு நேராகச் சின்னதாக ஒரு சட்டைப் பட்டன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை கீழே இறங்கி வந்தவர், கைப்பிடியிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, திருப்பத்துல நாலு ஓட்டை. கடைசியில ரெண்டு ஓட்டை. அப்படித்தானே?”

“எனக்கென்னய்யா தெரியும்? பழைய வீடு. ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கும்.”

“பழைய வீடுதான். நேத்து இல்ல, இன்னைக்குத்தான் பழசாயிருக்கு.”

அதன் பிறகு தினமும் இறங்கி வருவார். அக்கா அவரிடம் பட்டன்களைக் கொடுத்து இது எந்தத் துணிக்கு என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால், “எடைமேடைக்காரருக்கு எடைய விட்டா ஒண்ணும் தெரியாது” என்பாள். “அந்த ஒண்ணு போதும்” என்று பட்டனை உள்ளங்கையில் தூக்கிப் பார்ப்பார்.

(இங்கே அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ இருந்தது என்று எழுதினால் கதை விறுவிறுப்பாகும். எழுதமாட்டேன். தலைக்கு மேல் கேட்கிற காலடி யாருடையது என்று தெரிந்திருப்பது, அவ்வளவுதான் இருந்தது. அதற்குப் பெயர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.)

மாடி வீட்டை அவர் மெல்ல மெல்ல விரல் நுனிக்குக் கொண்டுவந்தார். எந்தக் கதவு எப்படி முனகும், குழாயிலிருந்து துண்டுக்கு எத்தனை எட்டு. வருஷம் முடியும் நேரத்தில் அந்த வீட்டுக்குள் அவருக்குக் கண் வந்துவிட்டது.

வருஷமும் முடிந்துவிட்டது.

6

கடைசி இரண்டு மாதத்தை எப்படி எழுதினாலும் என் கை நிற்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, அதனால்.

அக்கா, பல்காரம்மா வந்து கேட்பாள் என்று காத்திருந்தாள். கேட்டால் மூன்று இல்லை, அஞ்சே கொடுக்கலாம் என்று இருந்தாள். ஆனால் முதலில் கேட்கிறவன் முட்டாள் என்பது எங்கள் பால்குடி மந்திரம். படியில் எதிர்ப்பட்டால், “என்னம்மா, வேலையெல்லாம் எப்படி?” என்பாள். இதைவிடப் பச்சையாக எப்படிக் கேட்பது என்று என்னிடம் வேறு கேட்டாள்.

பல்காரம்மாவோ அக்கா மகள் வரும் நாளைக் கணக்கு வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே வந்தாள்.

“அம்மா, வேற வீடு பாத்துட்டோம். நாள் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே காலி பண்ணிடறோம். நீங்க சுத்தம் பண்ண வசதியா இருக்கும்.”

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். சரக்கு கையை விட்டுப் போகும்போது போடுகிற முகம் ஒன்று இருக்கிறது. கடையில் எல்லோரும் போடுவோம். ரொம்ப சந்தோஷமாக இருக்கும்.

“நல்லதும்மா” என்றாள் அக்கா.

வண்டி போன பிறகு மாடிக்குப் போனாள். சின்ன அறைக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தது. இவள் கேட்கவே இல்லை. பல்லோடு பல்லைச் சேர்த்து நிறம் பார்க்கிற கண் அல்லவா, பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடம் தெரியவில்லை. ஜன்னல் கட்டையில் ஒரு துண்டுச் சீட்டு: ‘உங்க பொண்ணு வர்றப்போ வெள்ளை அடிச்ச வாசனை போயிருக்கும்.’

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முட்டி விடவில்லை என்று எனக்குப் போன் செய்தாள். போய்த் தூக்கிவிட்டேன்.

“வரவே மாட்டாடா அவ. இந்தப் பொண்ணு நெஜமாவே நம்பியிருக்கு பாரு” என்றாள்.

* அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் கடையில் நாலு தலைமுறையாக இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறோம். யாரும் அதற்காகச் சுவருக்கு வெள்ளை அடித்ததில்லை.

7

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். என் கடைவாய்ப் பல் உடையாமல் இருந்திருந்தால்.

போன வாரம் மருத்துவர், “நிறம் சரியாப் பொருந்தணும், நேரா லேபுக்கே போயிடுங்க” என்று அனுப்பினார். போனால் பல்காரம்மா. முகக்கவசம், விரலெல்லாம் பல் அச்சு மாவு. கையில் வரிசையாகப் பொய்ப்பல் கோத்த பட்டை. ஒவ்வொன்றாக என் வாயருகில் பிடித்துப் பார்த்தாள்.

“நல்லாத் திறங்க சார். அம்மா நல்லா இருக்காங்களா? தலைய ஆட்டாதீங்க. பொண்ணு வந்துட்டாங்களா?”

அவள் கையை எடுக்கும் வரை காத்திருந்தேன்.

“பொண்ணு வரல. வரப்போறதும் இல்ல.”

“அய்யோ. ஏன், ஏதாவது பிரச்சினையா?”

“அப்பவும் வர்றதா இல்ல. அது... நாங்க பேசற விதம்.”

“விதம்னா?”

விளக்கினேன். தெற்கு, வடக்கு, இழுப்பது எல்லாம். நான் சொல்லிக் கேட்டு இதுவரை சிரிக்காதவர்கள் இல்லை. அவள் சிரிக்கவில்லை. பட்டையை மேசையில் வைத்தாள்.

“நாங்க மூணு வருஷம் கேக்கணும்னுதான் சார் வந்தோம். அப்பாவுக்கு ஒரு வீட்டப் பழகறதுக்கே ஒரு வருஷம் ஆகும். அவங்க ஒண்ணுன்னு சொன்னாங்க. வயசானவங்க, அவங்க வீடு, அவங்க பொண்ணு. அதுக்கு மேல நான் என்ன கேக்கறது?”

“அப்பா எப்படி இருக்காங்க?”

“விழுந்துட்டாரு. படியில இல்ல, இப்ப இருக்கறது தரை வீடுதான். உங்க மாடியில கதவு இருந்த பக்கம் திரும்பினாரு. இங்க அந்தப் பக்கம் அலமாரி. இடுப்பு எலும்பு.” என் வாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், நிறம் பார்ப்பது போலவே. “நானும் பட்டன் ஒட்டித்தான் வச்சேன். கை தேடினது உங்க வீட்டுப் பட்டனைத்தான். இப்ப சக்கர நாற்காலிதான். மாடியெல்லாம் இனிமே ஏற முடியாது.”

பிறகு கேட்டாள்: “அதுங்க ரெண்டும் இருக்கா இன்னும்?”

“இருக்கு.”

“எடுக்க வேணாம்னு சொல்லுங்க. திறங்க.”

8

மாற்று முடிவுகள். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்; பிரித்துப் பார்த்தால் திருப்பி வாங்கமாட்டோம்.

(அ) அக்கா முதல் வார்த்தையிலேயே “மூணு வருஷம்” என்கிறாள். பல்காரம்மா “சரிங்கம்மா” என்கிறாள். கதை அங்கேயே செத்தது. எனக்கு நஷ்டம். இந்த நஷ்டத்துக்கு நான் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன்.

(ஆ) பல்காரம்மா பேரம் பேசுகிறாள். நாலு தடவை எழுதிப் பார்த்தேன்.

*“என்னம்மா, ஒரு வருஷத்துல*

*“கொஞ்சம் பாத்து*

அவள் வாயில் வரவில்லை. என் வாயில்தான் வருகிறது. பல் கட்டுகிறவளுக்கு வாய் மாற்றிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

(இ) அக்கா மாடிக்குப் போய்விட்டு, கீழ் வீட்டை அவர்களுக்குக் கொடுக்கிறாள். இது எனக்குப் பிடித்தது. சும்மா கேட்பது போலக் கேட்டும் பார்த்தேன்.

“அக்கா, நீ மாடிக்குக் குடிபோவியா?”

“என் முட்டியக் கேட்டுச் சொல்றேன். எதுக்குடா?”

“ஒரு கதைக்கு.”

“உன் கதைக்கு நான் படி ஏறணுமா? ஏற்கெனவே ஏறினது போதாதா?”

லேபில் கேட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு கடைசி விதி உண்டு: முடிந்துபோன வியாபாரத்தில், எதிராளி மனசுக்குள் வைத்திருந்த விலை உனக்குத் தெரியவந்தால், வாயைத் திறக்காதே. விற்றவனுக்கு அப்புறம் தூக்கம் இருக்காது. அந்த விதியை மீறலாமா என்று ஒரு வாரமாக இந்தக் காகிதத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். ஆனால் உளறியிருக்கிறேனா என்று பார்க்க அக்கா இதைப் படிப்பாள். ஏழாம் பகுதிக்கு வந்து சேர்ந்துதான் இருப்பாள். எனக்கு நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால்தான் இத்தனை பகுதி ஆயிற்று.

9

அட்டை இப்போது இப்படி இருக்கிறது:

மாடி வீடு வாடகைக்கு.
காற்று, வெளிச்சம் உண்டு. மத்தியானம் வந்து பார்க்கலாம்.
படிக் கைப்பிடியில் உள்ள பட்டன்களை எடுக்கக் கூடாது.
காலம்:

நேற்று மறுபடி போன் செய்து கேட்டேன். மின்விசிறி சுற்றியது. வேறு சத்தம் இல்லை அந்த வீட்டில்.

“ஒரு வருஷம்னே போடு” என்றாள் அக்கா.

“ஒண்ணா?”

“ஒண்ணுதான்.” பிறகு, கடையில் கடைசி வாடிக்கைக்காரன் படி இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் விலையைக் குறைத்துச் சொல்வோமே, அந்தக் குரலில்: “ஒண்ணுன்னு போட்டா, யாராவது வந்து பேசுவாங்கதானேடா?”

அந்தக் கேள்வியோடு அட்டையை உங்களிடம் நீட்டுகிறேன். வீட்டை மத்தியான வெயிலில் பார்த்துவிட்டீர்கள். வீட்டுக்காரியையும் தெரியும். அவள் ஒரு வருஷம் என்கிறாள்.

நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். தயவுசெய்து, உடனே ‘சரி’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.